அந்த இடையர்கள் என்ன ஆனார்கள்?

நெடுநல்வாடையைப் பத்தொன்பது ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவருகிறேன். மொத்தம் 188 அடிகள். பாட்டு அகமா புறமா என்ற வழக்கு, வேலில் சூட்டிய வேம்பைச் சுட்டி நச்சினார்க்கினியர் கண்ட முடிவு, அரசியின் கட்டில், பாசறையில் உறங்காத அரசன் என்று தேர்வுக்கு உரியவற்றிலேயே வகுப்புகளில் பெரும்பகுதி கழிந்துவிடும். தொடக்கத்தில் வரும் மழையையும் குளிரையும் ‘பின்னணி வருணனை’ என்று சொல்லி ஒரு மணி நேரத்தில் கடந்துவிடுவது என் வழக்கம்.

அந்தப் பின்னணிக்குள் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை எனக்கு உணர்த்தியவர் என் அப்பா. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். கனகசெட்டிக்குளத்தில் அரைக்காணிக் கொல்லையும் ஒரு கறவை மாடும் வைத்திருந்தார். 2009ஆம் ஆண்டு கார்த்திகையில் ஒரு மழை இரவு, விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்த நான் பாடக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். என்ன புத்தகம் என்று கேட்டார். கதைபோல முழுவதையும் சொன்னேன். மழை வெள்ளத்தை வெறுத்து, மாடுகளை மேட்டு நிலத்துக்கு ஓட்டிக்கொண்டு போன இடையர்கள், பற்கள் நடுங்க நெருப்பைச் சுற்றிக் கூடிக் கையைக் காய்ச்சுகிறார்கள். மாடு மேயாமல் நிற்கிறது, பறவை விழுகிறது, பசு கன்றை உதைத்துத் தள்ளுகிறது. பிறகு நகரம், அரண்மனை, அரசி. கடைசியில் பாசறையில் அரசன். அப்பா முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“ஏம்பா, அந்த எடையனுங்க கடசியில இன்னா ஆனாங்க?”

“பாட்டு அதைச் சொல்லலப்பா. குளிரைக் காட்டத்தான் அவங்க வர்றாங்க.”

“அது சரி” என்றார். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

அது ஒரு எளிய மனிதரின் வெகுளியான கேள்வி என்றே அன்று நினைத்தேன். மறுநாள் சக ஆசிரியர்களிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன். அதற்காக இன்று வெட்கப்படுகிறேன். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

*

குளிர்காலத்தின் கொடுமை என்றதும் உறைந்த ஆறுகளும் பனியில் புதைந்த ஊர்களும் நினைவுக்கு வருவது நாம் படித்த புத்தகங்களின் விளைவு. புதுச்சேரியில் மார்கழி விடியலில் வெப்பநிலை 20 பாகைக்குச் சற்றுக் கீழே இறங்கினாலே காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்வோம். நம்முடைய கூதிரும் முன்பனியும் உச்சம் கொள்வது காற்றிலும் நீரிலும்தான். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்கிறோம். கடற்கரை ஊர்களில் அதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எந்தப் பக்கத்துச் சன்னல் முதலில் அடித்துக்கொள்கிறது என்று கவனித்தால் போதும்.

கனகசெட்டிக்குளம் புதுச்சேரியின் வடக்கு விளிம்பு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து வருபவர்களுக்குப் புதுச்சேரி எல்லை இங்கேதான் தொடங்குகிறது. கடலை ஒட்டி மீனவர் குடியிருப்பு. சாலைக்கு இந்தப் பக்கம் முந்திரியும் சவுக்கும் தென்னையும் நிற்கும் மணற்பாங்கான கொல்லைகள். பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற எல்லைக்கோடுகளின்படி நாங்கள் ஒரு துண்டு நிலம். மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். எல்லைக்கோடு எங்கள் அடையாள அட்டைகளுக்குத் தெரியும், புயலுக்குத் தெரியாது.

என் ஆயாவுக்கு ஆண்டுகளின் எண்கள் தெரியாது. அவருடைய பஞ்சாங்கம் முழுக்கப் புயல்கள்தாம். மூத்த மகன் பிறந்தது ‘பாலம் போன வருசம்’ என்பார். புதுச்சேரிக் கடற்கரையில் இருந்த பழைய இரும்புத் துறைமுகப் பாலம் 1952 புயலில் போனது. பிரெஞ்சு ஆட்சி போனது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1954 நவம்பர் முதல் நாள். ஆயாவின் கணக்கில் முதலாவதற்கு இடம் இருந்தது, இரண்டாவதற்கு இல்லை. காந்தி சிலைக்கு எதிரே கடலுக்குள் தெரியும் கம்பங்களின் மிச்சத்தைக் காணும்போதெல்லாம் எனக்குப் பெரியப்பாவின் வயது நினைவுக்கு வரும்.

*

புதுச்சேரியின் வரலாற்றில் எழுதப்பட்ட குளிர்காலப் புயல்களில் மிகப் பெரியது 1761 சனவரி முதல் நாளில் வீசியது. அதைப் படிக்கும்போது ஒரு பொருத்தம் கண்ணில் பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை பிறந்தது 1709 மார்ச் 30. அந்தக் குளிர்காலத்தைப் பிரான்சு ‘பெருங்குளிர்காலம்’ என்றே இன்றும் அழைக்கிறது. 1709 சனவரி 5ஆம் நாள் இரவில் திடீரென்று இறங்கிய குளிரில் ஆறுகள் உறைந்தன. விதைத்த கோதுமை மண்ணுக்குள்ளேயே செத்தது. பழமரங்களும் திராட்சைக் கொடிகளும் பட்டுப்போயின. குளிராலும் அதைத் தொடர்ந்த பஞ்சத்தாலும் நோயாலும் அந்நாட்டில் இறந்தவர்கள் ஏறத்தாழ ஆறு லட்சம் பேர் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். அந்த நாட்டின் கும்பினிக்குத் துபாஷியாகிக் கால் நூற்றாண்டு நாட்குறிப்பு எழுதப்போகும் குழந்தை, அதே பருவத்தின் கடைசியில் சென்னையில் பிறந்தது.

அவருடைய இறுதி நாட்களும் ஒரு குளிர்காலத்திலேயே அமைந்தன. 1760இன் இறுதியில் ஐர் கூட்டின் ஆங்கிலப் படை புதுச்சேரியை நிலத்தில் சூழ்ந்திருந்தது. கடலில் அட்மிரல் ஸ்டீவன்சின் கப்பல்கள். பாய்மரக் கப்பல்களின் காலத்தில் ஐப்பசி நடுவுக்குள் சோழமண்டலக் கரையை விட்டுப் பெருங்கப்பல்கள் அகன்றுவிடுவது வழக்கம்; வாடைக்காலத்தில் இந்தத் திறந்த கரையில் நங்கூரமிட்டு நிற்பது தற்கொலைக்கு ஒப்பு. முற்றுகையின் பொருட்டு அந்த விதி மீறப்பட்டது. டிசம்பர் 31 இரவில் தொடங்கிய புயல் சனவரி முதல் நாள் விடியும்வரை அடித்தது. சண்டர்லாண்ட், டியூக் டக்கித்தேன், டியூக் என்ற சரக்குக் கப்பல் ஆகிய மூன்றும் ஆட்களோடு மூழ்கின. நியூகாசில், குயின்பரோ, புரொடெக்டர் ஆகிய மூன்றும் நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் பக்கம் கரையில் தூக்கி வீசப்பட்டன. கப்பல்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 1100 பேர். கரையில் ஆங்கிலேயர் எழுப்பியிருந்த பீரங்கி மேடைகளும் கூடாரங்களும் அழிந்தன. கடல் கரையைத் தாண்டி உள்ளே வந்தது.

நகரம் தப்பித்தது என்றே பிரெஞ்சுத் தளபதி லாலி நம்பினார். தப்பவில்லை. எஞ்சிய கப்பல்கள் சில நாட்களிலேயே திரும்பி வந்து கடலை அடைத்துக்கொண்டன. சனவரி 12 அன்று ஆனந்தரங்கப் பிள்ளை இறந்தார். நான்கு நாட்கள் கழித்து, 16ஆம் நாள், பட்டினியில் கிடந்த நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. பின்னர் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

இவ்வளவையும் படித்து முடித்தபோது அப்பாவின் கேள்வி என் மேசைமேல் வந்து உட்கார்ந்தது. கப்பல்களின் பெயர்கள் இருக்கின்றன. இறந்த மாலுமிகளின் தொகை இருக்கிறது. இந்தப் போரின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம், முகாமைச் சார்ந்திருந்த உள்ளூர் மக்களைப் பற்றியும் சொல்கிறார்: அந்த இரவின் கொடுமையைத் தாங்காமல் பலர் மடிந்தார்கள். ‘பலர்’ என்பதோடு சரி, எண் கிடையாது. உணவு மிச்சப்படும் என்று லாலி அதே நவம்பரில் நகரைவிட்டு வெளியேற்றிய தமிழ்க் குடிமக்களை ஆங்கிலேயரும் வழிவிட மறுத்ததால், பல நாட்கள் இரு படைகளுக்கும் நடுவே வெட்டவெளியில் கிடந்தார்கள் என்பதும் அதே வரலாற்றில் இருக்கிறது. அது கார்த்திகை மாதம். அவர்களில் எத்தனை பேர் மார்கழியைக் கண்டார்கள்? கரையோரக் குப்பங்களில் அன்றிரவு கூரை இழந்தவர்கள் யார், எங்கே போனார்கள்? சென்னைக்கும் அங்கிருந்து லண்டனுக்கும் போன கடிதங்களில் கப்பல்களே இருந்தன.

இன்னொரு மார்கழியும் நமக்குத் தெரியும். 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணிகள் ரயிலைக் கடல் கொண்டது. நூற்றுச் சொச்சம் பேர் என்பது பயணச்சீட்டை வைத்துச் சொல்லப்படும் தொகை. சீட்டு வாங்காமல் ஏறியவர்கள் அந்தத் தொகைக்குள் வரமாட்டார்கள் என்று அன்றே பேசப்பட்டது. இருநூறு ஆண்டுகளில் எண்ணும் முறை பெரிதாக மாறிவிடவில்லை.

*

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை, மார்கழி நடு. ‘தானே’ புயல் அன்று காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையே, புதுச்சேரிக்குத் தெற்கே கடலூர்ப் பக்கம் கரையேறியது. காற்றின் வேகம் மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வரை. நம் பக்கத்துப் புயல்கள் இடஞ்சுழியாகச் சுழல்பவை. மையம் கரையேறும் இடத்துக்குத் தெற்கே இருப்பவர்களுக்குக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும். வடக்கே இருப்பவர்களுக்குக் கடலிலிருந்து நிலத்தை நோக்கி அடிக்கும். கடலையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வரும். நாங்கள் வடக்கே இருந்தோம்.

முந்தின நாள் மாலை அப்பாவும் அம்மாவும் நகரத்துக்கு வந்துவிட வேண்டும் என்று தொலைபேசியில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மார்கழியில் புயல் வலுக்காது, தெற்கே நாகப்பட்டினம் பக்கம் போய்விடும் என்று சொன்னேன். அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் கட்டாக முன்னால் இருந்தன. அப்பா, “கொண்டல் மாதிரி தெரியுது தம்பி, வாடை இல்ல” என்றார். அதன் பொருளை நான் யோசிக்கவில்லை. இருபது ஆண்டுகள் தமிழ் படித்தவன். கொண்டலுக்கு இலக்கியத்திலிருந்து பத்து எடுத்துக்காட்டு சொல்வேன்.

இரண்டு நாட்கள் தொடர்பு இல்லை. விழுந்த மரங்களை வெட்டிச் சாலையைத் திறந்த பிறகு சனிக்கிழமை மாலை போய்ச் சேர்ந்தேன். வீடு ஓட்டுவீடு என்பதால் பாதி நின்றது. கொல்லையில் முந்திரி மரங்கள் வேரோடு மேற்குப் பக்கமாகச் சாய்ந்து, எல்லாம் ஒரே திசையில் கிடந்தன. முந்திரியை வைத்துப் பலன் காணப் பல ஆண்டுகள் ஆகும். அப்பாவுக்கு அப்போது வயதாகியிருந்தது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. “சாப்ட்டியா?” என்று கேட்டார். வீட்டுக்குள் எனக்குத் தெரியாத பெண்கள் சமைத்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் ஈரச் சாக்கில் தூங்கின. யார் என்று நான் கேட்கவில்லை. இழப்பீட்டுக்கு மனு எழுத வேண்டும் என்ற பரபரப்பில் இருந்தேன்.

அப்பா 2016இல் காலமானார். அம்மா தனியே கடற்கரை ஊரில் இருப்பது ஆபத்து என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். 2020 நவம்பரில் ‘நிவர்’ புயல் மரக்காணம் பக்கம், அதாவது எங்கள் ஊருக்குச் சற்று வடக்கே, நள்ளிரவில் கரையேறிய பிறகு அம்மாவால் மறுக்க முடியவில்லை. புதுச்சேரி கிருஷ்ணா நகரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் தரைத்தளத்துக்கு அழைத்துவந்தோம். துணிமணிகளோடு ஒரு தகரப் பெட்டியையும் கொண்டுவந்தார். அதில் அப்பாவின் கணக்கு நோட்டுகள் இருபத்தேழு. 1986 முதல் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒன்றாக எழுதிவந்தவர். இடையில் மூன்றைக் கறையான் தின்றுவிட்டிருந்தது, கடைசிச் சில மாதங்களில் எழுதவில்லை. கூலி, உரம், மாட்டுத் தீவனம், சீட்டுப் பணம். அதில் படிக்க என்ன இருக்கிறது என்று பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

*

2024 நவம்பர் 30 இரவு ‘ஃபெஞ்சல்’ புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. காற்று ‘தானே’ அளவுக்கு இல்லை. ஆனால் கரையேறிய புயல் நகராமல் பல மணி நேரம் எங்கள் தலைக்கு மேலேயே நின்றது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கும் மேல் மழை. அதற்கு முன் எல்லோரும் எடுத்துக்காட்டிவந்த அளவு 2004 அக்டோபர் 31இன் 21 செ.மீ. அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் ஒரே நாளில் கொட்டியது.

கிருஷ்ணா நகர் தாழ்வான பகுதி. அதிகாலை மூன்று மணிக்குத் தண்ணீர் வாசற்படியைத் தாண்டியது. நான்கரைக்கு முழங்கால். அம்மாவைச் சமையல் மேடைமேல் ஏற்றி உட்காரவைத்தோம். மின்சாரம் இல்லை. எழுபத்து நான்கு வயதில் ஈரப் புடவையோடு அவர் பற்கள் அடித்துக்கொள்ளும் ஓசையை இருட்டில் கேட்டுக்கொண்டு நின்றேன். சென்னையிலிருந்து வந்த இராணுவத்தினர் ஞாயிறு காலை எங்கள் பகுதியில் படகோட்டி மக்களை மீட்டார்கள். அம்மாவும் ஒரு படகில் போனார். படகில் ஏறும்போது, “நம்ம ஊரு மணலு தம்பி, இந்நேரம் குடிச்சிட்டிருக்கும்” என்றார். உண்மைதான். கனகசெட்டிக்குளத்து வீட்டில் தண்ணீர் நிற்கவே இல்லை என்று பிறகு அறிந்தேன். கடலுக்கு அஞ்சி நான் அவரைக் கொண்டுவந்து சேர்த்தது குளத்துக்குள்.

தகரப் பெட்டியை நான்கு நாட்கள் கழித்துத்தான் திறந்தோம். அப்பா ஏறத்தாழ 2000 வரை மைப்பேனாவால் எழுதியிருக்கிறார். அந்த நோட்டுகளில் நீலக் கறை மட்டும் இருந்தது. பிறகு பால்பாயிண்ட் பேனாவுக்கு மாறியிருக்கிறார்; அந்த எழுத்து தண்ணீரில் கரையவில்லை. ஒட்டிக்கொண்ட தாள்களை மனைவியும் மகளும் ஒவ்வொன்றாகப் பிரித்து மின்விசிறிக்கு அடியில் உலர்த்தினார்கள். இருபத்தேழில் பதினொன்று மிஞ்சியது.

2011இன் நோட்டை அப்போதுதான் முதன்முதலாகத் திறந்தேன். டிசம்பர் 30க்கு நேரே இவ்வளவுதான்: “காத்து. தென்னை 9. முந்திரி 63. மாடு இருக்குது.” அடுத்த பக்கம் முழுவதும் மனிதர்கள். கடலோரத்தில் கூரை இழந்த வீடுகளின் பட்டியல், பெயர் பெயராக. ஒவ்வொன்றுக்கும் எதிரே அவர்கள் போன இடம். ஒரு குடும்பம் மரக்காணத்தில் மாமியார் வீட்டுக்கு. ஒன்று பள்ளிக்கூடத்துக்கு. இரண்டு பேர் கட்டட வேலைக்குச் சென்னைக்கு. ‘நம்ம வீட்ல’ என்று மூன்று குடும்பங்கள். அன்று நான் யாரென்று கேட்காதவர்கள். யாருக்கு எத்தனை படி அரிசி, யாருக்கு எவ்வளவு கைமாற்று என்பதும் இருந்தது. கைமாற்றுகள் பெரும்பாலும் அடுத்தடுத்த ஆண்டு நோட்டுகளில் கழிக்கப்பட்டிருந்தன. சென்னை போன இருவரில் ஒருவரின் பெயருக்கு எதிரே, 2013இல் வேறு நிறப் பேனாவால், “திரும்பிட்டான். புதுப் போட்” என்று எழுதியிருந்தார்.

அப்பா இதை இலக்கியமாகவோ ஆவணமாகவோ எழுதவில்லை. கொடுத்த அரிசிக்குக் கணக்கு வேண்டும் என்று எழுதினார். ஆனால் நெடுநல்வாடையைப் பற்றி 2009இல் அவர் கேட்டதற்கு விடை எழுதப்பட வேண்டுமானால், அது இப்படித்தான் எழுதப்பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நக்கீரரைக் குறை சொல்ல வரவில்லை. இடையர்களைப் பாட்டின் முதலிலேயே நிறுத்தி, அவர்கள் பல் நடுங்குவதைக் காட்டிவிட்டுத்தான் அவர் அரண்மனைக்குள் நுழைகிறார். அந்த அளவுக்காவது வேறு எவர் செய்தார்கள்? அவர்களைப் பின்னணி என்று சொல்லி விரைந்து கடந்தவன் நான்.

அழிந்த பதினாறு நோட்டுகள்தாம் உறக்கத்தைக் கெடுக்கின்றன. தொண்ணூறுகளின் புயல்களும் வெள்ளங்களும் அவற்றில் இருந்திருக்கும். அவற்றில் யார் யார் எங்கே போனார்கள் என்பது இனி ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. நான்கு ஆண்டுகள் என் கட்டிலுக்கு அடியில் இருந்தவை.

*

அம்மா 2025 தைப்பொங்கலுக்கு முன்பே கனகசெட்டிக்குளத்துக்குத் திரும்பிவிட்டார். நான் தடுக்கவில்லை. ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டுக் கொடுத்திருக்கிறோம். காற்று அடிக்கும் நாட்களில் மாலை தவறாமல் அழைக்கிறேன். “எந்தப் பக்கத்துக் காத்தும்மா?” என்று முதலில் கேட்கிறேன். “வாடைதான், படு” என்பார். கொண்டல் என்று சொன்னால் புறப்பட்டுவிட வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

வகுப்பில் இப்போது இடையர்களுக்கு மூன்று மணி நேரம் தருகிறேன். சென்ற முறை, கடலோரக் குப்பத்திலிருந்து வரும் ஒரு மாணவி, தன் பாட்டி புயலுக்கு முன் மண்ணெண்ணெய் விளக்கையும் தீப்பெட்டியையும் பிளாஸ்டிக் பையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொள்வார் என்று சொன்னாள். நெருப்பைச் சுற்றி நின்ற இடையர்களுக்கு அந்த நெருப்பு நனையாமல் எப்படிக் கிடைத்தது என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

மிஞ்சிய பதினொரு நோட்டுகளையும் படியெடுத்துவருகிறேன். ஐந்து முடிந்திருக்கிறது. இதைப் படிக்கும் நண்பர்களின் வீட்டுப் பரணில், பெட்டியில், பழைய வரவுசெலவு நோட்டு ஏதாவது இருக்கக்கூடும். அடுத்த மழைக்கு முன் அதை எடுத்து மேல் அலமாரியில் வைக்க வேண்டுகிறேன். முடிந்தால் ஒருமுறை திறந்தும் பாருங்கள்.